வாய்க்காலுக்கும் பணம் வேண்டும்

பூதலூரிலிருந்து ஒருவர் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சை மையத்துக்குப் போனால் அவரிடம் யாரும் காசு கேட்பதில்லை. இந்த இலவசம் தானாக வந்ததல்ல. தொற்றுள்ளவர்களே 1997இல் சென்னையில் தொடங்கிய ஐ.என்.பி. பிளஸ், அடுத்த ஆண்டு பெண்கள் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் விடாமல் கேட்டதாலும்தான், 2004 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் அரசு இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. பிறகு, குழந்தைகளுக்கான நெவிரபின் சிரப்புக்கு ஒரு ஜெர்மன் நிறுவனம் காப்புரிமை கோரியபோது, இவ்விரு அமைப்புகளும் எதிர்ப்பு மனு போட்டன. 2008 ஜூனில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நோயாளிகள் ஒன்றுகூடிப் பன்னாட்டு நிறுவனத்தைத் தடுத்தார்கள் என்பது சின்ன விஷயமா?

மாவட்டச் சங்கங்கள் சேர்ந்த இப்படிப்பட்ட நோயாளிகள் கூட்டமைப்புகள் ஏன் தளர்கின்றன? நன்கொடையாளர்கள் பணம் தராததால் மட்டும் அல்ல, தரும் விதத்தாலும்தான். பெரும்பாலும் பணம் திட்டமாகவே வருகிறது: இத்தனை பேருக்கு ஆலோசனை, இத்தனை வீடுகளுக்கு நேரில் செல்லுதல், மாதம் ஓர் அறிக்கை. சேவை தேவையானதுதான். ஆனால் உரிமை கேட்கப் பிறந்த அமைப்பு மெல்ல மெல்ல ஒப்பந்தக்காரராகிவிடுகிறது. ஒரே நிதிக்கு விண்ணப்பிக்கும் உறுப்பு அமைப்புகள் தோழர்களாக இருந்தது போய்ப் போட்டியாளர்களாகின்றன. திட்டம் முடிந்த அன்று அலுவலகமும் மூடப்படுகிறது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்குப் பணம் தரும் உலக நிதியம் 2011 நவம்பரில் தன் 11ஆம் சுற்று நிதியையே ரத்து செய்தபோது, வெளிப்பணம் எவ்வளவு நிலையற்றது என்பது எல்லா நாடுகளுக்கும் புரிந்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம் இன்னொரு முடிச்சைப் போட்டது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. தலைமை அமைப்பு மாவட்டச் சங்கங்களுக்குப் பகிர்ந்தளிப்பதுதான் கூட்டமைப்பின் உயிர். அந்த வழியே அடைபட்டுவிட்டது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரும் கல்லணையும் திறந்தாலும், கிளை வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கூட்டமைப்பின் வாய்க்கால் எது? ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம், மாவட்டத்திலிருந்து வருகிறவரின் பேருந்துக் கட்டணம், அன்றைய கூலியை இழந்து கூட்டத்துக்கு வந்தவருக்கு ஈட்டுத்தொகை, கணக்கெழுத ஓர் ஆள். இவற்றைத்தான் நன்கொடையாளர்கள் வீண்செலவு என்று முதலில் வெட்டுகிறார்கள். உள்நாட்டுப் பணம் இந்த இடத்துக்கு வர வேண்டும். ஓராண்டுக்கல்ல, குறைந்தது ஐந்தாண்டுக்கு. இதற்கு முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009இல் 5 கோடி ரூபாய் மூலதனத்தில் ஓர் அறக்கட்டளை அமைத்தது. அசல் அப்படியே இருக்க, வட்டி உதவியாகிறது. அதே போன்ற சிறு வைப்புநிதி ஒரு கூட்டமைப்பின் செயலகத்தையும் ஆண்டுதோறும் பிச்சை கேட்கவிடாமல் காக்கும்.

பணம் கொடுப்பவர் பேச்சைத்தானே அவர்கள் பேசுவார்கள் என்ற ஐயம் நியாயமானது. அதற்கு மருந்து, ஒருவரே முழுவதையும் கொடுக்காதிருப்பதும், எதைக் கோருவது என்பதை உறுப்பினர்களிடமே விட்டுவிடுவதும். கூட்டத்துக்குக் கொடுத்த பணத்தை எப்படி அளப்பது என்பார்கள் சிலர். எத்தனை மாவட்டங்கள் வந்தன, என்ன முடிவெடுத்தார்கள், அரசு என்ன பதில் சொன்னது என்று கேட்கலாம். இது தலைக்கணக்கைவிடக் கடுமையான கேள்வி. நோய் கட்டுக்குள் வந்துவிட்டதே, இனி இவர்கள் எதற்கு என்பது மிக ஆபத்தான வாதம். 2022 ஜூலையிலிருந்து மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து எச்.ஐ.வி. உள்ளவர்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் பல வாரங்கள் போராட வேண்டியிருந்தது. ஒரு நாள் மாத்திரை தவறுவதும் இந்த நோயில் சிறிய விஷயமல்ல.

தஞ்சைப் பகுதியில் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் வாரிக் கொடுப்பவர்கள் ஏராளம். இந்தியக் குடிமகனாக வெளிநாட்டில் உழைப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவதும் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் மாவட்ட நோயாளிகள் சங்கம் அடுத்த முறை உங்களிடம் வந்தால், என்ன பொருள் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தையும் பயணச் செலவையும் ஐந்தாண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.