உண்ணிப்பூவின் மஞ்சள் நாள்

சுருளி அருவிக்குப் போகும் வழியானாலும் சரி, போடியிலிருந்து மலையேறும் பாதையானாலும் சரி, ஓரத்தில் உண்ணிச்செடி நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கில் அதைப் பூச்செடியாக யாரும் மதிப்பதில்லை. பிள்ளைகளுக்கு அது கறுப்பாகப் பழுக்கும் உண்ணிப்பழம். மாடு மேய்ப்பவர்களுக்கோ ஆகாத செடி: இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். ஆனால் இதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுக்காகவே கலப்பினம் செய்யப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து இறங்கியது.

தோட்டக்காரர்களை மயக்கியது அதன் நிறம். கொத்தின் நடுவில் மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, விளிம்பில் சிவப்போ ரோஸோ. செடி இத்தனை நிறத்தில் பூக்கிறது என்று நினைப்போம். அப்படியில்லை, எல்லாப் பூவும் மஞ்சளாகத்தான் மலர்கிறது, வயதாக ஆக நிறம் மாறுகிறது. விளிம்பு மொட்டுகள் முதலில் விரிவதால் வயதான பூக்கள் வெளியே, இளம்பூக்கள் உள்ளே.

எதற்கு இந்த நிறமாற்றம்? பிரேசிலில் குடியேறியிருந்த ஜெர்மன் இயற்கையியலாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1877இல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் பார்த்த உண்ணிப்பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. வந்த பட்டாம்பூச்சிகளில் ஒன்றுகூட ஊதாப் பூவைத் தொடவில்லை. தேன் மஞ்சள் பூவில்தான். அப்படியானால் பழைய பூவை உதிர்த்துவிடலாமே? உதிர்த்தால் கொத்து சிறுத்து, தூரத்தில் பறக்கும் பூச்சியின் கண்ணில் படாது என்று முல்லரே காரணமும் சொன்னார். சரக்கு தீர்ந்த பிறகும் பெயர்ப்பலகை விளக்கை அணைக்காத கடை போலத்தான். வந்த பூச்சி, கிட்டத்தில் பெரும்பாலும் மஞ்சளையே பொறுக்கிக்கொள்ளும். செடிக்கும் மகரந்தம் வீணாவதில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எச். ஒய். மோகன் ராமும் கீதா மாத்தூரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மகரந்தச் சேர்க்கைதான் நிறமாற்றத்தை முடுக்குகிறது என்று காட்டினார்கள். மஞ்சளைத் தருவது கேரட்டில் உள்ள கரோட்டின் வகை. அதன்மேல் கத்தரிக்காய்த் தோலின் ஊதாவுக்குக் காரணமான ஆந்தோசயனின் சேரச் சேர, பூ ஆரஞ்சாகிச் சிவக்கிறது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அவர்கள் கண்ட மகரந்தத் தூதர்: மிளகாய் விவசாயி திட்டித் தீர்க்கும் இலைப்பேன்!

நம் கண்ணுக்கு விருந்தான அந்தச் சிவப்பு, காய் பிடிக்கும் வேலையின் அறிகுறி. காய் பழுக்கும், கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று காட்டுக்குள் விதையை எச்சமிடும். செடி வேலி தாண்டிய கதை இவ்வளவுதான். இந்தியாவில் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் உண்ணிச்செடி பரவியிருப்பதாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த தேனி மலைகளில் ஒரு பகுதியும் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடக்கம். உண்ணிப் புதர் அடைத்த இடத்தில் புல் தலையெடுக்காது. புல் இல்லையென்றால் மானுக்கு மேய்ச்சல் ஏது?

மேலே வெட்டினால் உண்ணிச்செடி இன்னும் அடர்ந்து துளிர்க்கும். அதே டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழு கார்பெட் காட்டில் வேறு வழியைக் கையாண்டது. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். பிறகும் பறவைகள் வந்து அடையும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளை, மழைக்குப் பின் தேடித் தேடிப் பிடுங்க வேண்டியிருக்கும்.