ஒரு ரூபாய் எப்போது விழும்?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியபோது, வேலைக்கு வந்த பையன்கள் ஊருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. பிறகு டீக்கடைக்கு டீக்கடை ஒரு ரூபாய் போன் வந்தது. 2006-இல் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. பூத்துகளைக் காலி செய்த சாமான் உள்ளூரிலேயே தயாரானது!

அந்த ஒரு ரூபாய் போன் பெட்டி இன்று பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டால் வாங்கிப் போடுங்கள். அதை மறுபடி ஓடவைக்கும் வழியை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். சிக்கல் பேச்சில் இல்லை, காசில்தான்.

ஆன்டெனா வைத்த பெட்டி என்றால் அது பெரும்பாலும் சிடிஎம்ஏ. அந்த நெட்வொர்க்கே இப்போது இல்லை. இரண்டு ஒயர் வரும் பெட்டி என்றால் கவலையில்லை. லேண்ட்லைன் போனை மாட்டுகிற மாதிரி சிம் போடும் 4ஜி பெட்டிகள் விற்கின்றன. அதில் ஒயரைச் சொருகினால் டயல் டோன் வந்துவிடும்.

ஆனால் எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள் என்று காசுப் பெட்டிக்கு யார் சொல்வது? அது 'ஹலோ'வைக் கேட்பதில்லை. முன்பு, அங்கே ரிசீவரைத் தூக்கிய நொடியில் எக்ஸ்சேஞ்ச் இந்த இரண்டு ஒயரிலும் பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றிவிடும். அதைப் பார்த்துத்தான் பெட்டி காசைக் கணக்கில் எடுக்கும், நேரத்தை எண்ணும். யாரும் எடுக்காவிட்டால் மாறாது; ரூபாயும் போகாது. வீட்டு லைன்களுக்கு இந்த வசதி பொதுவாக இருக்காது. ஆகவே, 4ஜி பெட்டி வாங்கும்போது 'போலாரிட்டி ரிவர்சல்' உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை.

அடுத்தது காசு. முன்பிருந்த ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 2011 வரிசை சுமார் 22 மி.மீ. பழைய பெட்டி புதுக் காசைச் செல்லாக்காசாகத் துப்பலாம். மாதிரிக் காசு வைத்து ஒப்பிடும் புதிய காயின் அக்செப்டரை மாட்டுவதே நிம்மதி.

பேசவே வேண்டாம் என்றால் இன்னொரு வழி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி திட்டத்தில் டீக்கடைக்காரரும் வைஃபையைச் சில்லறையாக விற்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது. பி.சி.ஓ. (பொதுத் தொலைபேசி நிலையம்) போய் பி.டி.ஓ. (பொதுத் தரவு நிலையம்). இந்தத் திட்டத்தின் மையப் பதிவேட்டைப் பராமரிப்பது சி-டாட். 1984-இல் தொடங்கி, கிராமங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் செய்து கொடுத்த அதே நிறுவனம். ரூட்டரைப் போன் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். பெட்டி தகரமென்றால் ஆன்டெனாவை மட்டும் வெளியே நீட்டிவிடுங்கள். உள்ளே இருந்தால் சிக்னல் பெஞ்சு வரைகூட வராது.