எழுத்தில் கொடுங்கள்

கொடுப்பவர் கணக்கு – 11

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குச் செய்யும் உதவியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது ஒரு சதவீதம். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் இலக்கு வைத்தது. யார் எட்டினார்கள், யார் எட்டவில்லை என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை விவாதம். தொகை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டைக் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி. இந்தப் பணம் எதற்கு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா? அதை மீறுகிற அமைச்சரை ஒரு சாதாரணக் குடிமகன் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா? இதற்கு பிரிட்டனைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சென்ற வாரம் பார்த்த வெஸ்ட்லண்ட் ஹெலிகாப்டர் விவகாரத்தில், 6.5 கோடி பவுண்டு உதவிப் பணத்தில் இந்தியாவுக்கு வந்த 21 ஹெலிகாப்டர்கள் சில ஆண்டுகளில் முடங்கி, கடைசியில் பத்து லட்சம் பவுண்டுகூடத் தேறாமல் விலைபோயின. அதற்காக யாரும் எந்தக் கோர்ட்டிலும் பதில் சொல்லவில்லை. அதே பிரிட்டனில், சில ஆண்டுகள் கழித்து, ஓர் அணைக்காக அரசு கோர்ட்டில் தோற்றது.

மலேசியாவின் வடக்கில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய கிளந்தான் மாநிலத்தில் இருக்கிறது பெர்காவ் அணை. 600 மெகாவாட் நீர்மின் திட்டம். கதை தொடங்குவது அணையில் அல்ல, ஆயுதத்தில். 1988 மார்ச்சில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் கோலாலம்பூரில் ஓர் உடன்பாட்டுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். மலேசியா பிரிட்டனிடம் சுமார் 100 கோடி பவுண்டுக்கு ஆயுதம் வாங்கும், அந்த மதிப்பில் 20 சதவீதத்துக்கு பிரிட்டன் உதவி தரும் என்பது அதன் சாரம். விஷயம் தெரிந்ததும் லண்டனில் மற்ற துறைகள் பதறின. உதவியையும் ஆயுத விற்பனையையும் முடிச்சுப் போடக் கூடாது என்பது அரசே அறிவித்திருந்த கொள்கை. ஆகவே ஜூன் மாதம், இரண்டுக்கும் சம்பந்தம் வைக்க முடியாது என்று யங்கர் மலேசியாவுக்குக் கடிதம் எழுதினார். அதே நாளில் கோலாலம்பூரிலிருந்த பிரிட்டிஷ் தூதரிடமிருந்து இன்னொரு கடிதம் போயிற்று: 20 கோடி பவுண்டு வரை உதவி தரத் தயார். நூறு கோடியில் 20 சதவீதம் எவ்வளவு என்று பார்க்க மலேசிய நிதியமைச்சகத்தில் யாரும் கால்குலேட்டரைத் தேடியிருக்க மாட்டார்கள்.

1989 மார்ச்சில் லண்டனுக்கு வந்த மலேசியப் பிரதமர் மகாதீரிடம், பெர்காவ் அணைக்கு உதவுவதாக பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் நேரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அணையின் மதிப்பீடு 31.6 கோடி பவுண்டு. சுமார் இரண்டே வாரத்தில், கட்டவிருந்த பிரிட்டிஷ் கம்பெனிகள் அதைத் திருத்தி 39.7 கோடி என்றன. விலை ஏறியது, வாக்கு அப்படியே நின்றது. வெளிநாட்டு வளர்ச்சி நிர்வாகம் என்ற உதவித் துறையின் பொருளாதார நிபுணர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மலேசியாவில் எரிவாயுவுக்குப் பஞ்சமில்லை. கிளந்தானுக்குப் பக்கத்திலிருக்கும் திரெங்கானுவின் கடலிலேயே எடுக்கிறார்கள். எரிவாயு டர்பைன் போட்டால் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். அதை விட்டு இப்போதே அணையைக் கட்டினால், 35 ஆண்டில் மலேசிய நுகர்வோர் சுமார் 10 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கு சொன்னது. பெறுகிறவர்களின் கரண்ட் பில்லை ஏற்றிவிடுகிற உதவி! கொடுக்கிற விதத்திலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. மொத்தமாக மானியம் தராமல், ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் கடன் ஏற்பாடு செய்து, அந்த வட்டிக்கும் சந்தை வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை 14 ஆண்டுக்கு உதவி நிதியிலிருந்து கட்டுவது. எல்லாம் கூட்டினால் 23.4 கோடி பவுண்டு.

உதவித் துறையின் செயலராக இருந்தவர் டிம் லாங்கெஸ்டர். பிரிட்டிஷ் முறையில் துறைச் செயலரே கணக்குப் பொறுப்பு அதிகாரி. செலவான பணத்துக்கு நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு முன்னால் அவர் தன் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும். அமைச்சர் சொல்கிற செலவு வீண் என்று அவருக்குப் பட்டால், உத்தரவை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கலாம். எழுத்தில் வந்துவிட்டால் பணத்தை விடுவித்தாக வேண்டும், ஆனால் பொறுப்பு அமைச்சர் தலைக்குப் போய்விடும். 1991-இல் லாங்கெஸ்டர் அப்படிக் கேட்டார். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட், பிரதமர் ஜான் மேஜரின் சம்மதத்தோடு, திட்டம் நடக்கட்டும் என்று முடிவெடுத்திருந்தார். உத்தரவு எழுத்தில் வந்தது. ஹர்டைக் கெட்டவராகக் காட்டுவது சுலபம், ஆனால் நியாயமாகாது. முந்தைய பிரதமர் ஒரு நாட்டின் தலைவருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் உறவும் வியாபாரமும் கெடும் என்று ஒரு வெளியுறவு அமைச்சர் நினைப்பது இயல்புதான். நம் ஊரில் வாய்மொழி உத்தரவுக்குக் கோப்பு நகர்கிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகள் வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்யாமல் செயல்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் சொல்ல 2013 ஆயிற்று. லாங்கெஸ்டர் அணையைத் தடுத்து நிறுத்தவில்லை. ஒரு காகிதத்தை உண்டாக்கினார், அவ்வளவுதான். அந்தக் காகிதம் இல்லையென்றால் அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது.

1993 அக்டோபரில் பிரிட்டனின் தணிக்கை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது, செயலரின் ஆட்சேபம் வெளியுலகுக்கு வந்தது. நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தன, பத்திரிகைகள் ஆயுத முடிச்சை அவிழ்த்தன. உலக வளர்ச்சி இயக்கம் என்ற லண்டன் தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1994 நவம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பு. அணை விவகாரம் என்றால் ஆயுதம்தான் இன்றும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது, ஆனால் அரசு தோற்றது ஆயுதத்தால் அல்ல. வெளிநாட்டு வளர்ச்சிக்கான 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவு, ஒரு நாட்டின் வளர்ச்சிக்காகவோ, பொருளாதாரத்தை நிலைநிறுத்தவோ, மக்கள் நலனுக்காகவோ அமைச்சர் உதவி தரலாம் என்றது. பொருளாதார ரீதியில் இவ்வளவு மோசம் என்று அரசின் சொந்த நிபுணர்களே சொன்ன ஒரு திட்டம் இந்த நோக்கத்துக்குள் வராது, ஆகவே பணம் தந்தது சட்டவிரோதம் என்றார்கள் நீதிபதிகள். எரிவாயு டர்பைன் கணக்குதான் வழக்கை முடித்தது. இன்னொரு விஷயம் இதைவிடப் பெரிது. வழக்குப் போட்ட அமைப்புக்கு அணையால் ஒரு பைசா நஷ்டமில்லை. பாதிக்கப்படாதவருக்கு வழக்காட என்ன உரிமை என்று கேட்டு மனுவைத் தள்ளியிருக்கலாம். இவர்களை விட்டால் கேட்க வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் கொண்டு நீதிமன்றம் மனுவை ஏற்றது.

இதற்கு முதல் எதிர்வாதம் வரி கட்டுகிறவர் பக்கத்திலிருந்து வரும். கொடுப்பது எங்கள் பணம், அதில் எங்கள் கம்பெனிக்கும் வேலை கிடைத்தால் என்ன தப்பு? கல்யாண வீட்டு மொய்கூடத் திரும்பி வரும் என்று எண்ணித்தானே எழுதுகிறோம். தப்பில்லை என்றுதான் கோர்ட்டும் எடுத்துக்கொண்டது. வளர்ச்சி நோக்கம் உண்மையாக இருந்தால் அதோடு அரசியலும் வியாபாரமும் சேர்ந்து வரலாம், வளர்ச்சியே இல்லாத இடத்தில் வியாபாரத்துக்கு உதவி என்று பெயர் வைக்கக் கூடாது. வியாபார லாபமாவது கிடைத்ததா? 1994 தொடக்கத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் மகாதீரைக் குறிவைத்து எழுதப்போக, கோபமடைந்த மலேசியா, அரசு ஒப்பந்தங்களிலிருந்து பிரிட்டிஷ் கம்பெனிகளை மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்தது. நம்மிடம்தான் வாங்க வேண்டும் என்று கட்டிப்போட்ட உதவி, வாங்கும் பொருளின் விலையை 15 முதல் 30 சதவீதம் வரை ஏற்றிவிடுகிறது என்பது பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. நீண்ட காலமாகச் சொல்லிவரும் கணக்கு. மலேசிய அரசே கேட்டு வாங்கியதை லண்டனில் எப்படிக் குறை சொல்லலாம் என்பது அடுத்த கேள்வி. மலேசியா தன் பணத்தில் எந்த அணையையும் கட்டலாம், அது அதன் இறையாண்மை. உதவி நிதி என்பது ஒரே பானை. அப்போதே நடுத்தர வருமானத்துக்கு வந்துவிட்ட ஒரு நாட்டுக்கு அள்ளிய 23.4 கோடி, அதைவிட ஏழையான ஏதோ ஒரு நாட்டின் பங்கு.

வெளியுறவுக் கொள்கையில் நீதிபதிகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அது கனமான ஆட்சேபம். நீதிபதிகள் அணையை நிறுத்தவில்லை. மலேசியாவுக்குக் கொடுத்த வாக்கும் மீறப்படவில்லை. மீதித் தொகையை பிரிட்டிஷ் அரசு உதவி நிதியிலிருந்து எடுக்காமல் கருவூலத்தின் வேறு ஒதுக்கீட்டிலிருந்து கட்டியது. ஆயுத நட்புக்குப் பணம் தர வேண்டுமா, தாராளமாகத் தாருங்கள், அதை நாடாளுமன்றத்தில் அந்தப் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள். தீர்ப்பின் நடைமுறை விளைவு இவ்வளவே. இதை நீதித்துறையின் அத்துமீறல் என்று என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த ஆட்சி மாற்றத்தில், 1997-இல், உதவிக்குத் தனி அமைச்சகம் வந்தது. வியாபாரத்தோடு கலந்த உதவி ஏற்பாடு கைவிடப்பட்டது. 2001 ஏப்ரலிலிருந்து பிரிட்டிஷ் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டு அவிழ்ந்தது. 2002-இல் வந்த புதிய சட்டம் வறுமைக் குறைப்பையே உதவியின் நோக்கமாக்கியது.

இப்போது இந்தச் சட்டத்தின் பக்கத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். 0.7 சதவீதத்தைத் தர வேண்டியது அரசின் கடமை என்று சொல்லும் சட்டம் அது, வந்தபோது உலகமே பாராட்டியது. அதன் இரண்டாம் பிரிவு, இலக்கு தவறினால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்க அறிக்கை வைக்க வேண்டும் என்கிறது. மூன்றாம் பிரிவு, அந்த அறிக்கையைத் தவிர பொறுப்புக் கேட்க வேறு வழியில்லை என்று கதவைச் சாத்திவிடுகிறது. நோக்கச் சட்டத்தை வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாம், எண் சட்டத்தை வைத்துப் போக முடியாது. 2020 நவம்பரில் நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் கொரோனா செலவைக் காட்டி 0.5 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். 2021 ஜூலையில் மக்களவை 333-க்கு 298 என்ற வாக்கில் அதற்குத் தலையாட்டியது. 2025 பிப்ரவரியில் பிரதமர் கீர் ஸ்டார்மர், ராணுவச் செலவைக் கூட்டுவதற்காக 2027-இல் 0.3 சதவீதத்துக்கு இறக்குவதாகச் சொன்னார். வளர்ச்சித் துறை அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ் ராஜினாமா செய்தார். 2015 சட்டம் ரத்தாகவில்லை, புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

என் கட்சிக்கு எதிராக நானே வைக்கக்கூடிய சாட்சி ஒன்றும் உண்டு. நோக்கத்தைச் சட்டத்தில் எழுதிவைத்த அதே நாட்டில், 2022-இல் உதவிக் கணக்கில் வந்த தொகையில் 29 சதவீதம், அதாவது 370 கோடி பவுண்டு, பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளையும் அடைக்கலம் கோருவோரையும் பராமரிப்பதற்குப் போயிற்று. அதில் கணிசமான பகுதி ஹோட்டல் வாடகை. 2023-இல் தொகை 430 கோடி. வருபவர்களுக்கு முதல் 12 மாதம் ஆகும் செலவை உதவியாகக் காட்டலாம் என்று ஓ.இ.சி.டி. விதி இருப்பதால் இது கணக்குப்படி சரி. நோக்கச் சட்டம் இதைப் பிடிக்கவில்லையே என்றால், பிடிக்கும் இடத்தில் அது நடக்கவில்லை. உள்துறை தன் சொந்தச் சட்டத்தின் கீழ் செலவழிக்கிறது, ஆண்டு முடிவில் அது உதவிக் கணக்கில் ஏறிக்கொள்கிறது. அகதிக்கு இடம் கொடுப்பது கடமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடமையின் பில்லை யாருக்கு அனுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு 2022-இல் பிரிட்டன் 0.51 சதவீதம் தந்த நாடு.

இந்தியா இப்போது கொடுக்கும் நாடும்கூட. 2012-இல் வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. எக்ஸிம் வங்கி வழியாகத் தரும் கடனுதவியில் பொதுவாக 75 சதவீதப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்து வாங்கப்பட வேண்டும். இதனால் எல்லாமே பெர்காவ் ஆகிவிடுவதில்லை. போரில் அழிந்த இலங்கையின் வடக்கு ரயில் பாதையை இந்தியக் கடனில் இந்தியாவின் இர்கான் நிறுவனம் மீண்டும் போட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது, அந்தக் கடன் கட்டுண்டது என்பது பயணிகளுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. நல்ல திட்டம் அமைந்தது நல்லதாயிற்று. நாளை வேறொரு நாட்டில் மோசமான திட்டத்துக்கு இதே கடன் போய், நம் அதிகாரி ஒருவர் ஆட்சேபம் எழுதி, அது தணிக்கையில் வெளிவந்து, யாரோ ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று நீதிபதி கேட்பார். இந்தியாவின் வெளிநாட்டு உதவி எதற்காக என்று சொல்லும் சட்டம் எதையும் நம் நாடாளுமன்றம் இதுவரை இயற்றவில்லை.

(தொடரும்)