'நல்லாயிட்டான்... இனி எதுக்கு மாத்திரை?' பைபோலார் பாதித்த பிள்ளைகளுக்கு மருந்தை நிறுத்தலாமா?

இரவெல்லாம் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்த பிள்ளை, சிகிச்சைக்குப் பிறகு பழையபடி பள்ளிக்குப் போகிறது. 'நல்லாயிட்டான், இனி எதுக்கு மாத்திரை?' என்று பல வீடுகளில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவதே அங்குதான்.

பைபோலார் என்றால் என்ன?

மனநிலை அளவுக்கு மீறி எழுச்சி அடைவதும், பிறகு ஆழ்ந்த சோர்வில் விழுவதும்தான் இருமுனைக் கோளாறு. 2, 3 மணி நேரமே தூங்கியும் களைப்பு தெரியாதது, நிற்காத பேச்சு, மிதமிஞ்சிய தன்னம்பிக்கை போன்றவை நாள்கணக்கில் நீடித்தால் அது வெறும் சேட்டை அல்ல.

என்ன மருந்து?

ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவை அதிகம் தரப்படுகின்றன. இவற்றால் உடல் எடையும் சர்க்கரையும் கூடலாம் என்பதால் அவ்வப்போது பரிசோதனை தேவை. வால்ப்ரோயேட் கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும். அதனால் வளரிளம் பெண்களுக்குப் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் எழுச்சி நிலை தூண்டப்படலாம்.

லித்தியத்தில் ஏன் கூடுதல் கவனம்?

1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை வெளியிட்டார். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. எனவே கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும் உண்டு.

கடம்பத்தூர், திருவள்ளூர் பகுதியில் வெயில் கொளுத்தும் மாதங்களில் உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வாந்தி, பேதி, உப்பைத் திடீரெனக் குறைப்பது, கடையில் கேட்டு வாங்கும் இபுப்ரோஃபென் வலி மாத்திரை ஆகியவையும் ஆபத்து. கை நடுக்கம் அதிகமாவது, நாக்குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

அறிகுறி மறைந்ததற்குக் காரணமே மருந்துதான். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும்; தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மனநல மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மாத்திரையைப் பிள்ளை பொறுப்பில் விடாமல் பெரியவர் கையால் கொடுப்பது நல்லது.

எங்கே போவது?

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயில் ஏறினால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம். போனில் ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.