சாய்மானத்துக்கு என்ன விலை?

மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று தீர்மானம் செய்துவிட்டால் வீட்டில் விவாதம் ஓய்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அது பெரும் பிசகு. உண்மையான விவாதம் அதன் பிறகுதான் ஆரம்பமாயிற்று.

ராயல் என்பீல்டு கம்பெனியார் 2023 ஜனவரியில் 'சூப்பர் மீட்டியார் 650' என்னும் நெடும்பிரயாண வண்டியை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று தரங்கள். ஆஸ்ட்ரல் 3,48,900 ரூபாய், இன்டர்ஸ்டெல்லர் 3,63,900, செலஸ்டியல் 3,78,900. எல்லாம் அன்றைய சென்னை ஷோரூம் விலை. பெயர்கள் மூன்றும் ஆகாய சம்பந்தமானவை. விலையும் ஆகாயத்தை நோக்கியே ஏறுகிறது!

ஆனால், வண்டியின் உயிர் மூன்றிலும் ஒன்றுதான். அதே 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் என்ஜின், அதே 15.7 லிட்டர் டாங்கி, அதே பிரேக்குகள். பின் அதிகப்படியான 30,000 ரூபாய் எதற்காக? முதல் 15,000 தோற்றத்துக்காக, முக்கியமாக இரட்டை வண்ணப் பூச்சுக்காக. அடுத்த 15,000-க்குத்தான் உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடி, அகன்ற ஆசனம், பின்னால் அமர்பவருக்கு முதுகுச் சாய்மானம் ஆகியவை கிடைக்கின்றன.

இவை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல. வேகம் 80 கிலோமீட்டரிலிருந்து 100 ஆகும்போது மார்பில் மோதும் காற்றின் வலிமை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. கண்ணாடி அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியாவது உண்டு. பின்னால் அமர்பவரோ, வண்டி வேகமெடுக்கும்போதெல்லாம் பின்னுக்குச் சாயாமல் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 15,000 ரூபாயைப் பத்து சதவிகித வட்டியில் மூன்று வருஷத் தவணையாகக் கட்டினால், வட்டி மட்டும் சுமார் 2,400 ரூபாய். விலைக்கு ஏற்ப ஆயுள் வரியும் கூடும். எங்கள் வீட்டிலோ பெண்ணுக்குக் காலேஜ் சம்பளம் கட்டும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வண்டியின் வண்ணத்தை வீதியில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பின்னால் உட்காரும் எனக்கு என் முதுகுதானே தெரியும்? திருநெல்வேலியில் அம்மாவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. நீங்களே சொல்லுங்கள்" என்றாள் என் மனைவி.

சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். நான் பதில் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்து மறுபடியும் கணக்குப் போட்டேன். அப்போதுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. கண்ணாடி, ஆசனம், சாய்மானம் மூன்றும் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. அப்படியானால், கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தத் தரம் உயர்ந்தது?" என்பதல்ல, "வேண்டிய உறுப்பைத் தனியே பொருத்த, கூலி உட்பட எவ்வளவு?" என்பதுதான். மூன்றும் வேண்டுமென்றால், அந்தத் தொகையை 30,000 ரூபாயுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றிரண்டே போதுமென்றால் விடை சுலபம். வருஷத்தில் எத்தனை நாள் இருவராக நெடுந்தூரம் போவோம் என்பதையும் ஒளிக்காமல் எண்ணிவிட வேண்டும்.

நாங்கள் ஆஸ்ட்ரலையே வாங்கினோம். ஆசனத்தையும் சாய்மானத்தையும் உடனே பொருத்தினோம். கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். காலேஜ் சம்பளமும் தவணை தவறாமல் கட்டியாயிற்று.

திருநெல்வேலிக்குப் போகும் வழியில் காற்று என் மார்பில் அறைந்துகொண்டுதான் இருந்தது. பின்னாலிருந்து மட்டும் ஒரு முனகலும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், அம்மாள் சாய்ந்தபடி வயல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.