தேர்வா, தீர்ப்பா?

சிங்கப்பெருமாள் கோவில் இரயில் நிலையத்துக்கு வெளியே, விடியற்காலை ஐந்தரை மணி. ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. தேநீர்க் கடையிலே தோழர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான்காம் வகுப்பு படிக்கும் மகனின் கணக்குத் தாள். "பாருங்கண்ணே, நூத்துக்கு இருபத்தெட்டு. இவனை என்ன செய்யலாம்?" என்றார். குரலிலே கோபம்; கண்ணிலே கலக்கம்.

தாளைப் பார்த்தேன். 52-லிருந்து 27-ஐக் கழி என்பது கேள்வி. பையன் 35 என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அடுத்தது, 81-லிருந்து 46. விடை 45 என்கிறான். மறுபடியும் பெருக்கல் குறி. 63-லிருந்து 18 போனால் 55 என்கிறான். அதற்கும் அதே குறி.

தோழர்களே, இந்தத் தவறுகளைச் சற்று உற்றுப் பாருங்கள்! கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடைகளா இவை? இல்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டதும், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, பெரியதிலிருந்து சிறியது போகும் என்பது அவன் வகுத்துக்கொண்ட சட்டம். மூன்று கணக்கிலும் அந்தச் சட்டத்தை மீறவில்லை அவன். கழிக்கத் தெரியாத பிள்ளை அல்ல. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளை. "நம்ம வீடுகளிலே கடன் வாங்கத் தெரியாத ஒருத்தன் பிறந்திருக்கானே!" என்றேன். அப்போதுதான் தோழர் சிரித்தார்.

இருபத்தெட்டு என்ற எண் இதைச் சொல்லிற்றா? சொல்லவில்லை. தவறிய விடை சொல்லிற்று. மதிப்பெண்ணைப் பார்த்தவர் பையனை மக்கு என்பார். விடையைப் பார்த்தவர், இவனுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று அறிவார்.

ஆலையிலே வேலை செய்யும் நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, "வெல்டிங் என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை தருக" என்றா கேட்கிறார்கள்? இரண்டு தகடுகளைக் கொடுத்து ஒட்டவைக்கச் சொல்கிறார்கள். ஒட்டிய இடத்தைப் பட்டையாக அறுத்து வளைத்துப் பார்க்கிறார்கள். விரிசல் கண்டால் ஆகாது, காணாவிட்டால் வேலை. எதை அறிய வேண்டுமோ அதையே சோதிப்பது அது. இன்னொன்றும் நாம் அறிவோம். உருப்படிகளை வரிசையின் கடைசியில் மட்டும் அளந்து பார்க்கிற ஆலையில் கழிவுதான் மலையாகக் குவியும். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் கேஜ் வைத்துப் பார்க்கிறோம். பிசகு கண்ட இடத்திலேயே இயந்திரத்தைத் திருத்துகிறோம். கழிவு குவிந்தால் உருப்படியையா திட்டுகிறோம்?

பள்ளிக்கூடத்தில் மட்டும் உருப்படியைத் திட்டினார்கள்! 2019 செப்டம்பரில், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அன்றைய தமிழக அரசு அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! மூன்றாண்டுகளுக்கு யாரையும் நிறுத்திவைக்க மாட்டோம் என்று சமாதானம் சொன்னார்கள். மூன்றாண்டுகளுக்குப் பிறகு? செங்கற்சூளைக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் குடும்பத்துப் பிள்ளையை, இரண்டு பள்ளிகளில் பாதிப் பாதி படித்த பிள்ளையை, இந்தத் தேர்வு எங்கே கொண்டு நிறுத்தியிருக்கும்? சூளையிலேயேதான். பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்க்கட்சிகளும் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 2020 பிப்ரவரி 4 அன்று அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் எண்ணம் சாகவில்லை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியைத் திருத்திற்று: இந்த இரு வகுப்புகளில் தவறினால் இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பு. தமிழ்நாடு அந்த வழியில் போக மறுத்தது.

அப்படியானால் தேர்வே வேண்டாமா என்று கேட்பார் உண்டு. அப்படிச் சொல்கிறவன் நான் அல்ல. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எழுத்துத் தேர்வு இருக்கத்தான் வேண்டும். ஏன் தெரியுமா? விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு, எழுதியவன் எந்தத் தெரு என்று தெரியாது. முகம் தெரியாத அந்தத் தாள்தான் நம்மவர் பலரை மேலே ஏற்றிவிட்ட ஏணி. எல்லா மதிப்பெண்ணையும் வகுப்பறைக்குள்ளேயே போட்டுவிடலாம் என்று தாராளம் பேசுகிறவர்கள், சாதி பார்க்கிற கை ஒன்று அங்கேயும் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த எழுத்துத் தேர்வும் எதைக் கேட்கிறது? புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியை அப்படியே கேட்டால், கைடைப் புரட்டியவன் வெல்வான். 2010-இல் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வில் கலந்துகொண்டன. பதினைந்து வயது மாணவர்களிடம், பார்த்திராத ஒரு பத்தியைத் தந்து, படித்துப் பொருள் சொல் என்கிற தேர்வு அது. 2011 இறுதியில் முடிவு வந்தது: 74 இடங்களில் நாம் இருவரும் கடைசிக்குச் சற்று மேலே! நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடோ அப்போது ஏறுமுகம். அயல்நாட்டுத் தேர்வு நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று சிலர் சொன்னார்கள். கொஞ்சம் உண்மை, முழு உண்மை அல்ல. நீட் தேர்வைப் பற்றி இங்கே விரித்துப் பேசவில்லை. பயிற்சி மையத்துக்குக் கட்டிய பணத்தை மதிப்பெண்ணாக மாற்றித் தருகிற தேர்வு எப்படி இருக்கும் என்பதை 2017-க்குப் பிறகு நாடு கண்டுவிட்டது.

நல்ல முறை என்று வந்தவற்றுக்கும் நோய் வந்ததைச் சொல்லாமல் விடலாமா? 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மதிப்பீடு வந்தது. வகுப்பில் செய்வதற்கு 40, எழுதுவதற்கு 60. நல்ல நோக்கம்! நடந்தது என்ன? பிள்ளைகளின் 'செயல்திட்டம்' ஸ்டேஷனரிக் கடையில் விலைக்குக் கிடைத்தது. இரவில் ஒட்டியவர் அம்மா. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பு எதுவானாலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் படியை அறிந்து கற்பி என்றது. அதிலேயும் ஒரு தொல்லை. கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றுவதிலேயே நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். நம்மவர் கொண்டுவந்த திட்டம் என்பதற்காக அந்த முறையீட்டைக் கேளாதிருக்க முடியாது. பிள்ளையைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்த்தால், அறிவது யாரை?

இத்தனைக்கும் முறை எளிது. பிள்ளையை அருகே உட்காரவைத்து ஒரு தாளை நீட்டு: எழுத்து, சொல், சிறு பத்தி, ஒரு கதை. எங்கே நிற்கிறான் என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஏசர் ஆய்வுக்காரர்கள் 2005-லிருந்து ஊர் ஊராக, வீடு வீடாகச் செய்வது இதைத்தான். கணக்குக்கும் அப்படியே, கடன் வாங்கிக் கழித்தல் அவர்கள் தாளில் ஒரு படி.

பேருந்து ஹாரன் அடித்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள், எந்தப் படியில் நிற்கிறான் என்று கேளுங்கள் என்றேன். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் கடன் கொடுக்கிற விதத்தையும் சொல்லியனுப்பினேன்.

மறுவாரம் அதே இடத்தில் பார்த்தேன். நாலு இராத்திரி ஆயிற்றாம். 52-லிருந்து 27 போனால் 25 என்று சொல்லிவிடுகிறானாம். நடுவிலே சுழி வந்தால் மட்டும் இன்னும் தடுமாறுகிறானாம்.