கூப்பிட்டால் ஓடும் லேப்டாப்!

தெரிந்த பெயர் என்றால் நம்பிவிடும்

லேப்டாப்புக்கு ஞாபக சக்தி அதிகம். ஒரு முறை சேர்ந்த இடத்தை அது மறப்பதே இல்லை!

போன வருடம் ஓர் ஓட்டலில் காபி சாப்பிட்டீர்கள். அங்கே இருந்த இலவச வை-பையில் லேப்டாப்பை இணைத்தீர்கள். இப்படி வைத்துக்கொள்வோம். நீங்கள் அதை மறந்து இருப்பீர்கள். லேப்டாப் மறக்காது. அதே பெயர் கொண்ட இலவச வை-பை எங்கே தென்பட்டாலும், உங்களைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும்.

வசதிதான். ஆனால், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது!

மாணவர் தொடங்கியது

"லினக்ஸ்" போட்ட லேப்டாப்பைப் பாருங்கள். "யூனிக்ஸ்" என்ற பழைய அமைப்பின் சாயலில் உருவானது, லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21!

லினக்ஸ் லேப்டாப்புகள் பலவற்றில் வை-பையைக் கவனிப்பது "நெட்வொர்க் மேனேஜர்". அமெரிக்காவின் ரெட் ஹாட் நிறுவனம் 2004-ல் தொடங்கிய மென்பொருள் இது.

அதன் வேலை என்ன? அக்கம்பக்கத்தில் உள்ள வை-பை பெயர்களைப் பார்க்கும். தன் பட்டியலில் உள்ள பெயர் என்றால் இணைத்துவிடும். இரண்டு மூன்று இருந்தால், பொதுவாகக் கடைசியாகப் பயன்படுத்தியதையே முதலில் பிடிக்கும்.

பூட்டு இல்லாத கதவு

வீட்டு வை-பைக்கு பாஸ்வேர்டு உண்டு. அது தெரியாதவன், பெயரை மட்டும் காப்பி அடித்துப் பயன் இல்லை.

இலவச வை-பை பலவற்றில் பாஸ்வேர்டே கிடையாது. பெயர்தான் அடையாளம். பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாமே!

மோசடிக்காரன் அதே பெயரில் ஒரு வை-பையைத் திறந்து வைத்தால் போதும். லேப்டாப் அவனிடம் போய்விடும். இன்று பெரும்பாலான இணையதளங்கள் செய்தியை ரகசியக் குறியீடாக மாற்றியே அனுப்புகின்றன. அதை அவன் படிக்க முடியாது. ஆனால், போலிப் பக்கத்தைக் காட்டி, உங்கள் பாஸ்வேர்டைக் கேட்க முடியும். நீங்கள் கொடுத்துவிட்டால்?

என்ன செய்வது?

* வை-பை அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சேமித்த பெயர்களைப் பாருங்கள். பாஸ்வேர்டு இல்லாத பழைய பெயர்களை நீக்குங்கள்.

* அடிக்கடி தேவைப்படும் பெயரா? நீக்க வேண்டாம். "தானாக இணைக்கவும்" என்பதை மட்டும் அணைத்து வையுங்கள்.

* கட்டளை தட்டத் தெரிந்தவர்கள், "என்.எம்.சி.எல்.ஐ. கனெக்சன் ஷோ" என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், புள்ளி இல்லாமல் தட்டினால் பட்டியல் வரும். "ஷோ"வுக்குப் பதில் "டெலிட்" போட்டு, பெயரையும் தட்டினால் அது நீங்கிவிடும்.

* வெளியூர்ப் பயணத்தில் தேவை இல்லாதபோது வை-பையை அணைத்துவிடுங்கள்.

ஐந்து நிமிட வேலைதான். உங்கள் லேப்டாப்பில் எத்தனை பழைய பெயர்கள் இருக்கின்றன? இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்!